ஏழு நாள் முதல்வர்: 1969-இல் நாவலர் அந்த நாற்காலியில் நீடித்திருந்தால்?

இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகத் தலைப்புகள் போட்டுப் பிரித்திருக்கிறோம்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பேசுறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, தேனி ரோடு பக்கத்துலதான் இருக்கு.

இன்னைக்கு ஒரு "அப்படி நடந்திருந்தா?" எபிசோடு. பிரிட்டன் அரசியல் பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் எழுதியிருந்தார்: "அங்க இவர் பிரதமர் ஆகியிருந்தா, அவர் தோத்திருந்தான்னு கற்பனை பண்றதுக்குன்னே கட்டுரைத் தொகுப்பெல்லாம் வருது. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு கேள்வி இல்லையா ப்ரோ?"

இருக்கு. நிறையவே இருக்கு. ஆனா நாம அதை டீக்கடையில கேட்டுட்டு, "எல்லாம் விதிப்பா"ன்னு முடிச்சிடுறோம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்து, ஒழுங்கா உட்கார்ந்து பார்ப்போம். 1969 பிப்ரவரியில அண்ணா மறைந்த பிறகு, ஏழு நாள் இடைக்கால முதல்வரா இருந்த நாவலர் நெடுஞ்செழியனே முழு முதல்வரா தொடர்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன். இது கலைஞர் நல்லவரா, நாவலர் நல்லவரா, எம்.ஜி.ஆர். நல்லவரான்னு பட்டிமன்றம் கிடையாது. அதுக்கு வேற சேனல் இருக்கு.

முதல்ல விளையாட்டோட விதிகள்

"நடந்திருந்தா" கேள்வி கேட்கிறதுக்கு ஒரு ஒழுக்கம் வேணும். கோடு எழுதுறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஓடிக்கிட்டிருக்கிற ஒரு புரோகிராமிலிருந்து ஒரு பிராஞ்ச் எடுக்கிறோம். அதுல ஒரே ஒரு வரியை மாத்துறோம். மிச்சம் எல்லாத்தையும் அப்படியே வெச்சு ஓட்டிப் பார்க்கிறோம். பத்து வரியை ஒரே நேரத்துல மாத்தினா, எது எதனால உடைஞ்சதுன்னே தெரியாது.

அதனாலதான் "அண்ணா இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா?"ங்கிற கேள்வியை நான் எடுக்கலை. அது ஆசை. அந்த ஆசைக்குள்ள அவரவருக்குப் பிடிச்ச தமிழ்நாட்டை அவரவர் வரைஞ்சுக்கலாம். ஆனா "அந்த ஏழு நாள்ல முடிவு வேற மாதிரி வந்திருந்தா?"ங்கிறது சின்ன மாற்றம். அண்ணா இல்லை, கட்சி அதே கட்சி, எம்.எல்.ஏ.க்கள் அதே எம்.எல்.ஏ.க்கள். நாற்காலியில உட்கார்ந்த ஆள் மட்டும் வேற.

இரண்டாவது விதி, எது மாறும்னு கேட்கிற அளவுக்கு எது மாறாதுன்னும் கேட்கணும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலும் விட்டுடுறாங்க.

அந்த ஏழு நாட்கள்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 தேர்தலில் 234 இடங்களில் தி.மு.க. மட்டும் 137 இடங்களை வென்றது. காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மார்ச் 6 அன்று அண்ணா முதல்வரானார். இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை, புற்றுநோய். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். வயது 59.

அன்றே நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வரானார். அமைச்சரவையில் அண்ணாவுக்கு அடுத்த இடம் அவருடையது. பிப்ரவரி 10 அன்று மு. கருணாநிதி முதல்வராகப் பதவியேற்றார். நடுவில் இருந்தது ஏழு நாள்.

அந்த ஏழு நாளில் நடந்தது தேர்தல் பிரசாரம்தான். மைக் இல்லாத பிரசாரம். வாக்காளர்கள் யார் என்றால் சட்டமன்ற உறுப்பினர்கள். யார் யார் பக்கம் என்று ஒவ்வொரு மாவட்டமாக எண்ணிக்கை நடந்தது. எம்.ஜி.ஆர். கலைஞர் பக்கம் நின்றார். அப்போது அவர் பரங்கிமலை எம்.எல்.ஏ.; அவருடைய ஆதரவு கனமானது.

முடிவு வந்ததும் நாவலர் புதிய அமைச்சரவையில் சேரவில்லை. சில மாதம் கழித்து, 1969 ஜூலையில், கட்சிக்குள் ஒரு சமரசம். கலைஞர் கட்சித் தலைவர், நாவலர் பொதுச்செயலாளர், எம்.ஜி.ஆர். பொருளாளர். இந்த மூன்று பெயரையும் இந்த வரிசையிலேயே ஞாபகம் வெச்சுக்கோங்க. எட்டு வருஷத்துல இந்த மூணு பேரும் மூணு கட்சியில இருக்கப் போறாங்க.

இரண்டு பயோடேட்டா

நாவலருடைய பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தால், அவர் எப்படி முதல்வர் ஆகாமல் போனார் என்றுதான் ஆச்சரியமாக இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கட்சி தொடங்கிய 1949-லிருந்தே முன்வரிசை. 1950-களின் நடுவில் அண்ணா தானே பொதுச்செயலாளர் பதவியை விட்டு இறங்கி, அந்த இடத்தில் இவரை உட்கார வைத்தார். 1956 திருச்சி மாநாட்டுக்கு இவர்தான் தலைமை. தேர்தலில் நிற்பது என்று கட்சி முடிவெடுத்த மாநாடு அது. 1962 முதல் 1967 வரை சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர். 1967-இல் கல்வி அமைச்சர்.

கலைஞர் நான்கு வயது இளையவர். பள்ளி இறுதித் தேர்வையே தாண்டாதவர். திருக்குவளைக்காரர், எண்ணிக்கையில் சிறிய இசை வேளாளர் சமூகம். சினிமா வசனம், பத்திரிகை. ஆனால் 1957-இல் கட்சி முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது குளித்தலையிலிருந்து ஜெயித்து வந்தவர். அந்தத் தேர்தலில் நாவலர் தோற்றார். பிறகு கட்சிப் பொருளாளர். நிதி திரட்டுவது, வேட்பாளருக்குப் பணம் போய்ச் சேர்வது, மாவட்டச் செயலாளரோடு தினமும் பேசுவது எல்லாம் இவர் கை வழியாக நடந்தது. 1967-இல் பொதுப்பணித் துறை அமைச்சர்.

கவனிங்க. ஒருத்தர்கிட்ட பதவிகளோட பட்டியல் இருக்கு. இன்னொருத்தர்கிட்ட தொலைபேசி எண்களோட பட்டியல் இருக்கு. ஏழு நாள்ல எந்தப் பட்டியல் வேலை செய்யும்?

'ஆக்டிங்' நாற்காலியின் சாபம்

இங்க கொஞ்சம் தமிழ்நாட்டை விட்டு வெளியே போயிட்டு வரலாம். ஏன்னா இது நாவலருக்கு மட்டும் நடந்தது இல்லை.

1963 ஜனவரியில் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் ஹக் கெய்ட்ஸ்கெல் திடீரென்று மறைந்தார். வயது 56. துணைத் தலைவர் ஜார்ஜ் பிரவுன் தற்காலிகத் தலைவரானார். அடுத்த மாதம் எம்.பி.க்கள் வாக்களித்தபோது ஹெரால்ட் வில்சனுக்கு 144, பிரவுனுக்கு 103. வில்சன் அடுத்த ஆண்டே பிரதமர்.

1994 மே மாதம் அதே கட்சியின் தலைவர் ஜான் ஸ்மித் மாரடைப்பில் இறந்தார். மார்கரெட் பெக்கெட் தற்காலிகத் தலைவர். ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டோனி பிளேர்.

நம்ம டெல்லியையும் பார்ப்போம். 1964-இல் நேரு மறைந்ததும் குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமர். 1966-இல் சாஸ்திரி மறைந்ததும் மறுபடியும் அவரே. இரண்டு முறையும் பதின்மூன்று பதின்மூன்று நாள். இரண்டு முறையும் அடுத்த பிரதமரைத் தீர்மானித்ததில் பெரிய பங்கு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருடையது. எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர்தான். அவர் 1964-இல் சாஸ்திரியைக் கொண்டுவந்தார், 1966-இல் இந்திராவைக் கொண்டுவந்தார். நந்தாவின் பெயர் ஒருமுறையும் தேறவில்லை.

ஏன் இப்படி? தற்காலிகப் பொறுப்புக்கு ஒருத்தரைப் போடும்போது கட்சி என்ன பார்க்குது? மூத்தவர், எல்லாருக்கும் தெரிஞ்சவர், யாருக்கும் பயம் தராதவர். இந்த மூணாவது தகுதிதான் வில்லங்கம். யாருக்கும் பயம் தராதவர்னா, அவருக்காக உயிரைக் கொடுக்கிற கோஷ்டியும் அவர்கிட்ட இல்லைன்னு அர்த்தம். எந்தக் காரணத்துக்காக அவரை அந்த நாற்காலியில உட்கார வெச்சாங்களோ, அதே காரணத்துக்காக அவரை எழுப்பவும் முடியும். ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க: மேனேஜர் போனதும் ஒருத்தரை 'ஆக்டிங் லீட்' ஆக்குவாங்க. அவர் ராத்திரி பகலா வேலை பார்ப்பார். மூணு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் லீடா வந்து உட்காருவார்.

பிரிட்டனின் நெடுஞ்செழியன்

இந்த வரிசையில் நாவலருக்கு ரொம்ப நெருக்கமான ஆள் ஒருத்தர் உண்டு. ராப் பட்லர். பழமைவாதக் கட்சி. பிறந்தது அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், அட்டக்கில். இவரும் கல்வி அமைச்சர்; பிரிட்டனின் 1944 கல்விச் சட்டம் இவர் பெயரில்தான் அறியப்படுகிறது.

1953-இல் சர்ச்சில் பக்கவாதத்தில் விழுந்தபோது அமைச்சரவையை நடத்தியவர் பட்லர். 1956 இறுதியில், சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு, பிரதமர் ஈடன் உடம்பு சரியில்லாமல் ஜமைக்கா போனபோது அரசைக் கவனித்தவர் பட்லர். 1957 ஜனவரியில் ஈடன் விலகியபோது பிரதமரானது மேக்மில்லன். 1963 அக்டோபரில் மேக்மில்லன் மருத்துவமனையிலிருந்தே விலகியபோது, துணைப் பிரதமர் நிலையில் இருந்த பட்லரை மறுபடியும் தாண்டிப் போய், பிரபுக்கள் சபையிலிருந்த ஹியூம் பிரபுவை அழைத்தார்கள்.

பிரிட்டன் ரசிகர்களோட "நடந்திருந்தா" கேள்வி இங்கதான் வருது. ஹியூம் உடனே பிரதமராகப் பதவி ஏற்கவில்லை. அமைச்சரவை அமைக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்று மட்டும் அரசியிடம் சொல்லிவிட்டு வந்தார். ஈனாக் பவல், இயன் மெக்லாய்ட் இருவரும் அவருக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பட்லரும் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஹியூமால் அமைச்சரவை அமைத்திருக்கவே முடியாது என்பது பலருடைய கணிப்பு. பட்லர் சொல்லவில்லை. வெளியுறவுத் துறையை வாங்கிக்கொண்டார். ஹியூம் பிரதமர். ஒரு வருடம் கழித்து 1964 அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி வெறும் 4 இடப் பெரும்பான்மையில் ஆட்சியைப் பிடித்தது. அவ்வளவு நெருக்கமான தேர்தலில் பட்லர் நின்றிருந்தால்... என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்ப நாவலரை இது பக்கத்துல வெச்சுப் பாருங்க. பட்லர் மறுக்கவில்லை, மறுத்திருந்தால் வேலை செய்திருக்கும். நாவலர் மறுத்தார், அமைச்சரவையில் சேரவில்லை. அது வேலை செய்யவில்லை. ஏன்? ஹியூமைத் தேர்ந்தெடுத்தது, சில பெரியவர்கள் உள்ளுக்குள் விசாரித்துச் சொன்ன 'அபிப்பிராயம்'. அதன்மேல் நிற்கும் பிரதமருக்கு மற்றப் பெரியவர்களின் சம்மதம் வேண்டும். கலைஞர் நின்றது தலைக்கணக்கின் மேல். தலைக்கணக்கு கையில் இருப்பவருக்கு மூத்தவரின் சம்மதம் ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

சரி, மாற்றிப் பார்ப்போம்

ஒரு வரியை மாத்துவோம். எம்.ஜி.ஆர். அந்த ஏழு நாளும் யார் பக்கமும் நிற்காமல் ஒதுங்கிவிடுகிறார். எண்ணிக்கை இழுபறி. "அண்ணா இறந்த துக்கத்தில் கட்சி உடைய வேண்டாம், 1972 தேர்தல் வரை மூத்தவர் இருக்கட்டும்" என்று சமரசம். நாவலர் முதல்வர். கலைஞர் பொதுப்பணித் துறையோடு கட்சியையும் கையில் வைத்திருக்கிறார்.

இனி நடந்ததையெல்லாம் மூணு கூடையில போடுவோம்.

முதல் கூடை: ஏற்கெனவே பூட்டி வைத்தவை. இவை மாறியிருக்காது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, 1967-இல் நிறைவேறியது. இருமொழிக் கொள்கைத் தீர்மானம், 1968 ஜனவரி 23. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர், 1969 ஜனவரி 14 முதல். மூன்றும் அண்ணா இருக்கும்போதே முடிந்தவை. இருமொழிக் கொள்கை வந்தபோது கல்வி அமைச்சரே நாவலர்தான். இதையெல்லாம் எந்த முதல்வரும் திரும்ப எடுக்கப் போவதில்லை.

இரண்டாவது கூடை: கட்சியின் திட்டம். யார் வந்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் வந்திருக்கும். மத்திய-மாநில உறவை ஆராய 1969-இல் அமைத்த ராஜமன்னார் குழு, பிற்படுத்தப்பட்டோருக்கான சட்டநாதன் ஆணையம், எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆக வழி செய்யும் 1970 சட்டத் திருத்தம். இவை ஒரு மனிதரின் யோசனைகள் அல்ல. இருபது வருடம் மேடையில் பேசிய விஷயங்கள். வேகமும் துணிச்சலும் மாறியிருக்கலாம். திசை மாறியிருக்காது.

டெல்லி உறவும் இந்தக் கூடைதான். 1969 நவம்பரில் காங்கிரஸ் உடைந்தது. இந்திராவுக்குப் பெரும்பான்மை போனது. மக்களவையில் தி.மு.க.வுக்கு 25 எம்.பி.க்கள். தமிழ்நாட்டில் எதிரி யார் என்றால் காமராஜர் இருக்கும் பழைய காங்கிரஸ். எதிரியின் எதிரிக்குக் கை கொடுப்பது கணக்கு. அதற்குக் கலைஞர்தான் வேண்டும் என்று இல்லை. நாவலரும் இந்திராவை ஆதரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது கூடைதான் சுவாரஸ்யம்: அந்த நாற்காலியில் இருக்கும் மனிதரின் சுபாவம். இங்கே ஒரு பெரிய விஷயம் விழுகிறது. 1971 தேர்தல்.

அந்தச் சட்டமன்றத்துக்கு 1972 தொடக்கம் வரை காலம் இருந்தது. இந்திரா மக்களவையைக் கலைத்து முன்கூட்டியே தேர்தலுக்குப் போனதும், கலைஞரும் சட்டமன்றத்தைக் கலைத்து, இரண்டையும் ஒன்றாகச் சந்தித்தார். பேரம் என்ன தெரியுமா? இந்திரா காங்கிரசுக்குச் சில மக்களவை இடங்கள். சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லை. இந்திரா ஒத்துக்கொண்டார். தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது.

நாவலர் அடுத்த ஆண்டு வரை பொறுத்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். நிதானமானவர், இருக்கும் பெரும்பான்மையைப் பந்தயத்தில் வைக்கிற சுபாவம் அவரிடம் தெரியவில்லை. அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது? 1971 டிசம்பர், வங்கதேசப் போர். இந்திரா புகழின் உச்சியில். 1972 மார்ச்சில் பல மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல், காங்கிரசுக்கு அமோக வெற்றி. அந்த இந்திராவிடம் போய் "சட்டமன்றத்தில் உங்களுக்குப் பூஜ்யம்" என்று சொல்ல முடியுமா? குறைந்தது ஐம்பது, அறுபது இடம் கேட்டிருப்பார் என்பது என் ஊகம். கொடுத்திருந்தால் தமிழ்நாட்டில் தேசியக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் ஒரு காலூன்றல். கொடுக்காவிட்டால் மும்முனைப் போட்டி.

இன்னைக்கு நாம இயற்கை விதி மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கோம்ல, தமிழ்நாட்டுல டெல்லிக் கட்சிகள் கூட்டணியில நாலு சீட்டு வாங்குற கட்சிகள்தான்னு? அந்த வழக்கம் 1971-ல ஒரு மனுஷன் தேர்தல் தேதியை முன்னாடி இழுத்ததுல ஆரம்பிச்சது. முதல்வரை மாத்தினா தேதி மாறும். தேதி மாறினா பேரம் மாறும். என் பார்வையில 1969-ஓட ஆகப் பெரிய "நடந்திருந்தா" இதுதான். இதை யாரும் அதிகமா பேசுறதில்லை.

"அப்ப அ.தி.மு.க.?"

எல்லாரும் கேட்கப் போற கேள்வி இதுன்னு தெரியும். நாவலர் முதல்வரா இருந்திருந்தா எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிச்சிருப்பாரா?

நடந்தது: 1972 அக்டோபரில், பொருளாளர் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைப் பொதுமேடையில் கேட்டார். நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. அடுத்த ஆண்டு மே மாதம், நம்ம பக்கத்து ஊர் திண்டுக்கல்லில் இடைத்தேர்தல். புதுக் கட்சியின் மாயத்தேவர் முதலிடம், பழைய காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளும் தி.மு.க. மூன்றாமிடம். இரட்டை இலை முதன்முதலாக ஜெயித்த இடம் அது. 1977-இல் எம்.ஜி.ஆர். முதல்வர்.

நாவலர் நடுவில் இருந்திருந்தால், கலைஞரும் எம்.ஜி.ஆரும் நேருக்கு நேர் முட்டியிருக்க மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. முதல் இரண்டு, மூன்று வருடத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. எம்.ஜி.ஆரிடம் ரசிகர் மன்றங்கள் இருந்தன. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு. தி.மு.க. கொடிதான் பிடித்தார்கள், ஆனால் மன்றத்துக்காரருக்குத் தலைவர் மாவட்டச் செயலாளர் இல்லை, எம்.ஜி.ஆர். கட்சிக்குள்ளேயே இன்னொரு கட்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நீக்கிய ஒரே வாரத்தில் கட்சி தொடங்க முடிந்ததன் ரகசியம் அதுதான். கிளைகள் தயாராக இருந்தன, பெயர்ப் பலகைதான் மாறியது.

அதனால என் கணிப்பு: உடைப்பு தள்ளிப் போயிருக்கும், நின்னிருக்காது. உடைஞ்சிருந்தா யார் வெளியே போயிருப்பாங்கங்கிறதுதான் மாறியிருக்கும். கட்சி எந்திரம் கலைஞர் கையில, மன்றம் எம்.ஜி.ஆர். கையில, கோட்டை மட்டும் நாவலர் கையில. மூணுல பலவீனமானது மூணாவதுதான்.

அதற்கு ஆதாரமும் நிஜ வரலாற்றிலேயே இருக்கிறது. 1977-இல் நாவலர் தி.மு.க.வை விட்டு விலகி மக்கள் தி.மு.க. என்று தனிக்கட்சி கண்டார். விரைவிலேயே அது அ.தி.மு.க.வில் கரைந்தது. தனக்கென்று ஒரு படை அவரிடம் எப்போதும் இருந்ததில்லை.

மூத்தவருக்குக் கொடுத்திருந்தால் அது நியாயமா?

இந்தக் கதையை இதுவரை கேட்டவங்களுக்கு நாவலர் மேல ஒரு பரிதாபம் வந்திருக்கும். எனக்கும் உண்டு. ஆனா அதோட நிறுத்திடக் கூடாது.

"மூத்தவர், படித்தவர், அவருக்குத்தான் கொடுத்திருக்கணும்"னு சொல்றோம்ல, அந்த அளவுகோலைக் கொஞ்சம் உரசிப் பாருங்க. 1969-இல் அதே அளவுகோல் ஜெயித்திருந்தால், பட்டம் இல்லாத, பெரிய சாதிப் பலம் இல்லாத, வசனம் எழுதி மேலே வந்த ஒருவர் முதல்வர் ஆகியிருக்க முடியாது. ஒரு தலைக்கு ஒரு எண் என்று எண்ணினதால்தான் திருக்குவளைக்காரர் எம்.ஏ. படித்தவரைத் தாண்டினார். அந்தக் கணக்கு முரடாக இருந்தது. ஆனால் கதவையும் அதுதான் திறந்தது. பொறியியல் பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிற வீட்டிலிருந்து பேசுறேன், அதனால இதைச் சொல்லியே ஆகணும்.

அப்ப எது சரி? சீனியாரிட்டியா, எண்ணிக்கையா?

ஆளை மாத்தாதீங்க, விதியை மாத்துங்க

இங்கதான் பிரிட்டன் மறுபடியும் உதவுது. 1963-இல் பட்லரைத் தாண்டிப் போன விதம் அந்தக் கட்சிக்கே அசிங்கமாக இருந்தது. ஆளை மாற்ற முடியாது, நாள் போய்விட்டது. 1965-இல் அவர்கள் விதியை மாற்றினார்கள். இனித் தலைவரை எம்.பி.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் எட்வர்ட் ஹீத் 150, ரெஜினால்ட் மாட்லிங் 133, பவல் 15. தச்சர் மகன் ஒருவர், வெளிப்படையான வாக்கெடுப்பில், பிரபுக்களின் கட்சிக்குத் தலைவர். பட்லருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

நமக்கு என்ன நடந்தது? 1969-இல் ஏழு நாளில் முடிந்ததால் நாம் அதை ஒரு சிக்கலாகவே பார்க்கவில்லை. அடுத்த முறை வந்தபோது ஏழு நாளில் முடியவில்லை.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தபோது பொறுப்புகளைக் கவனித்தவர் நாவலர். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது இடைக்கால முதல்வர், மறுபடியும் நாவலர். 1988 ஜனவரி 7 வரை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, வேறு கட்சியில், அதே நாற்காலி, அதே 'தற்காலிக' அட்டை. பிறகு ஜானகி அம்மையார் முதல்வர். கட்சி இரண்டாக உடைந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் சட்டமன்றத்துக்குள் அடிதடி, போலீஸ். மாத இறுதியில் ஆட்சி கலைப்பு. இரட்டை இலை முடக்கம். 1989 தேர்தலில் சேவலும் இரட்டைப் புறாவும் வாக்கைப் பிரிக்க, தி.மு.க. 150.

2016 டிசம்பரில் இன்னொரு முறை. இந்தத் தேனி ரோட்டில் நேரே போனால் வரும் ஊர்க்காரர் ஓ. பன்னீர்செல்வம். 2001, 2014, 2016 என்று மூன்று முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதி. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122, எதிராக 11. 1969-இன் தலைக்கணக்கேதான்; இந்த முறை எண்ணுவதற்கு முன்னால் விடுதியில் வைத்துப் பூட்டினார்கள், அதுதான் வித்தியாசம். அதோடும் முடியவில்லை. அடிப்படை உறுப்பினர்கள்தான் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். காலத்து விதியே அந்தக் கட்சியில் உண்டு. இருந்தும் 2022 ஜூலைப் பொதுக்குழு சரியா தவறா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல்தான் தெளிந்தது.

எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. அடுத்தவர் யாருங்கிறதைக் கட்சி தனக்குள்ளே, முன்கூட்டியே எழுதின, எல்லாரும் மதிக்கிற ஒரு முறையில முடிவு பண்ணாதபோது, அந்த முடிவு வெளியே போயிடுது. ஒரு தடவை நடிகரோட ஆதரவுக்கு, ஒரு தடவை சட்டமன்றத்துக்குள்ள நாற்காலிச் சண்டைக்கு, ஒரு தடவை விடுதிக்கு, ஒரு தடவை நீதிமன்றத்துக்கு. சர்வர் விழுந்தா எது மேலே வரணும்னு முன்னாடியே எழுதி, அதைச் சோதனை பண்ணியும் வைப்போம். எழுதாம விட்டா, விழுந்த ராத்திரி யார் முழிச்சிருக்காங்களோ அவங்க முடிவுதான் முடிவு.

அதனால 1969-க்கு என்னோட மாற்று வரலாறு "நாவலர் முதல்வர்" இல்லை. என் பிராஞ்சில் நான் மாத்துற ஒரே வரி இது: ஜூலையில கட்சி பண்ணின பதவித் தேர்வை பிப்ரவரியிலேயே, பொதுக்குழுவைக் கூட்டி, ரகசிய வாக்கெடுப்பா, எண்ணிக்கையை வெளியே சொல்லி நடத்தியிருக்காங்க. பெரும்பாலும் அப்பவும் கலைஞர்தான் ஜெயிச்சிருப்பார். எந்திரம் அவர்கிட்ட இருந்தது. ஆனா தோத்தவருக்கு ஒரு எண் இருந்திருக்கும். இத்தனை பேர் எனக்குப் போட்டாங்கன்னு கட்சிக்குள்ளேயே நின்னு அடுத்த முறை கேட்கிற உரிமை இருந்திருக்கும். அந்த வழக்கம் மூணு வருஷம் பழகியிருந்தா, 1972-ல கணக்குக் கேட்ட பொருளாளருக்கும் பொதுமேடையைத் தவிர ஒரு இடம் இருந்திருக்கும்.

முதல்வர் பெயர் மாறாமலேயே வரலாறு மாறியிருக்கிற ஒரு பிராஞ்ச் இது. எனக்கு இதுதான் நம்புற மாதிரி இருக்கு.

வாக்காளரா நமக்கு இதுல என்ன? நாம அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கட்சிக்கு ஓட்டுப் போடுறோம். நடுவுல தலைவர் இல்லாமப் போனா, எட்டுக் கோடிப் பேரோட முதல்வரை நூத்திச் சொச்சம் பேர் தேர்ந்தெடுக்கிறாங்க. சட்டப்படி அதுல தப்பில்லை. ஆனா அந்த நூத்திச் சொச்சம் பேர் எந்த முறையில தேர்ந்தெடுப்பாங்கன்னு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நாம ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா? அடுத்த முறை உங்க தெருவுக்கு வேட்பாளர் வந்தா, ரோடு, தண்ணியோட சேர்த்து இதையும் கேளுங்க. எந்தக் கட்சியா இருந்தாலும்.

அடுத்த எபிசோடு நந்தா பேச்சிலிருந்தே வருது. 1964-இலும் 1966-இலும் மத்தவங்களைப் பிரதமர் ஆக்கின காமராஜர், தானே உட்கார்ந்திருந்தா? "இந்தி, இங்கிலீஷ் பிரச்சினை"ன்னு ஒரே வரியில முடிக்கக் கூடாது, மூணு கூடை போட்டுத்தான் பார்க்கணும். உங்க கணிப்பைக் குரல் பதிவா அனுப்புங்க, நல்ல வாதமா இருந்தா எபிசோடுலேயே போடுறேன். எனக்கு எதிரான வாதமா இருந்தா கட்டாயம் போடுறேன்.